பிஞ்சுக் குடலில் ஒரு பெருங்குடித்தனம்

“தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்” என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். பிள்ளைகளின் குணத்தையும் நடத்தையையும் மனத்தில் வைத்துச் சொன்ன பழமொழி அது. ஆனால் கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளாக விஞ்ஞானிகள் கண்டு சொல்லும் செய்திகளைப் படித்தால், அது பிள்ளைகளின் குடலுக்கும் பொருந்தும் போலிருக்கிறது. பிறந்த முதல் சில வாரங்களில் குழந்தையின் குடலில் எந்த நுண்ணுயிர்கள் குடியேறுகின்றன என்பதற்கும், பின்னாளில் அந்தக் குழந்தைக்கு மூச்சிரைப்பு வருவதற்கும், அடிக்கடி வயிறு கெடுவதற்கும், எடை சரியாக ஏறுவதற்கும் தொடர்பு இருக்கிறது என்கிறார்கள்.

நான் டாக்டர் அல்ல. சிவில் டிப்ளமோ படித்துவிட்டு 1981-ல் ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்து, தண்டவாளம், ஸ்லீப்பர், ஜல்லி என்றே 37 ஆண்டுகளைக் கழித்து, 2018-ல் ஓய்வு பெற்றவன். பேரப்பிள்ளைகள் பிறக்கும் வயதில்தான் இந்த விஷயத்தில் அக்கறை வந்தது. நம் சங்கக் கூட்டங்களில் சந்திக்கும் நண்பர்கள் வீடுகளிலும் இதே பேச்சுதான். “சிசேரியன் பிள்ளை சார், அதான் அடிக்கடி சளி பிடிக்குது” என்கிறார் ஒருவர். “புட்டிப்பால் குடித்துத்தான் எங்க பிள்ளை கொழுகொழுன்னு இருக்கான்” என்கிறார் இன்னொருவர். ஊரில் இருந்தால் நாலு கிழவிகள் வந்து நாலு விதமாகச் சொல்வார்கள். இங்கே மும்பையில் இரண்டு அறை வீட்டில் தனியாக இருக்கும் இளம் தாய்க்கு யார் சொல்வது? எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். மருத்துவம் படித்த அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

முதலில் துண்டு போட்டவர் யார்?

வளர்ந்த மனிதன் ஒருவனின் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். நம்முடைய சொந்த உயிரணுக்கள் சுமார் 30 லட்சம் கோடிதான். அதாவது நம் வீட்டில் நம்மைவிடக் குடித்தனக்காரர்களே அதிகம்! அவர்களில் மிகப் பெரும்பாலோர் இருப்பது பெருங்குடலில்.

இந்தக் குடித்தனம் எப்போது தொடங்குகிறது? 1885-ல் ஜெர்மானியக் குழந்தை மருத்துவர் தியோடர் எஷெரிக் இதை ஆராய்ந்தார். பிறந்த குழந்தையின் முதல் கரும்பச்சை மலத்தில் அவர் கிருமி எதையும் காணவில்லை. சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் கிருமிகள் வந்துவிட்டதைக் கண்டார். அவர் அப்போது கண்டறிந்த ஒரு கிருமிதான் இன்று ‘ஈ. கோலை’ என்று எல்லோரும் சொல்வது. அந்த ‘ஈ’ அவர் பெயரின் முதல் எழுத்து.

அவருக்குச் சில ஆண்டுகள் கழித்து, பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் ஹென்றி டிஸ்ஸியர் என்பவர், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் ஒரு விசித்திரமான பாக்டீரியாவைக் கண்டார். அது இரண்டாகப் பிளந்த கவட்டைக் குச்சி போல் இருந்தது. ரயில்வேக்காரன் கண்ணுக்கு, ஒரு பாதை இரண்டாகப் பிரியும் பாயிண்ட்ஸ் போலத் தெரியும். ‘பிளந்தது’ என்ற பொருளில் அதற்கு பிஃபிடோ என்று பெயர் வந்தது. வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைகளிடம் இது குறைவாக இருந்ததையும் அவர் கவனித்தார். ஆக, விஷயம் நூறாண்டுக்கு மேல் பழையது. அதன் முழு முக்கியத்துவம் விளங்கத்தான் இவ்வளவு காலம் ஆயிற்று.

குடியேறும் முறையும் சுவையானது. முதலில் வருபவை பிராணவாயு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சமாளிக்கக் கூடியவை. எஷெரிக் கண்ட கிருமி இந்த வகை. இவை வந்து குடலில் இருக்கும் கொஞ்ச நஞ்சப் பிராணவாயுவையும் உறிஞ்சிவிடுகின்றன. பிறகுதான் பிராணவாயு பட்டாலே ஆகாத பிஃபிடோ போன்றவை தைரியமாகக் கால் வைக்கின்றன. அந்தக் காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து தாராவிக்கு வந்தவர்களின் கதை நம் வாசகர்களுக்குத் தெரியும். முதலில் வந்தவர் ஒரு இடம் பார்த்து வைப்பார். அடுத்து தம்பி, மச்சான், ஊர்க்காரர் என்று வருவார்கள். கடைசியில் ஒரு தெருவே உருவாகிவிடும். குடலிலும் அப்படித்தான். ரிசர்வ் செய்யாத பெட்டியில் முதலில் துண்டு போட்டவருக்கே இடம். பின்னால் வருபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நின்றுகொண்டுதான் வரவேண்டும்.

இந்த ஏற்பாடு முடிந்து, பெரியவர்களின் குடலைப் போன்ற நிலை வர ஏறக்குறைய மூன்று வயது ஆகிறது. ஆப்பிரிக்காவின் மலாவி, தென் அமெரிக்காவின் அமேசான் காட்டுப் பகுதி, அமெரிக்க நகரங்கள் ஆகிய மூன்று இடத்து மக்களையும் ஆராய்ந்து 2012-ல் இதைச் சொன்னார்கள். புதிதாக ஜல்லி போட்டுப் புதுப்பித்த பாதையில் முதல் வண்டிகளை நாங்கள் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில்தான் விடுவோம். ஜல்லி இறுகி அமர அமர வேகத்தைக் கூட்டுவோம். அந்த ஆரம்ப நாட்களில் காட்டும் கவனத்தைப் பொறுத்ததுதான் பாதையின் பிற்கால ஆயுள். குழந்தைக்கு அந்தக் காலம் முதல் மூன்று ஆண்டுகள்.

குழந்தைக்குச் செரிக்காத உணவு

தாய்ப்பாலில் லாக்டோஸ், கொழுப்பு இரண்டுக்கும் அடுத்தபடி அதிகமாக இருப்பது ஒருவகைச் சர்க்கரைத் தொடர்கள். லிட்டருக்குச் சுமார் 5 முதல் 15 கிராம் வரை. பிரசவித்த முதல் நாட்களில் வரும் சீம்பாலில் இன்னும் அதிகம். ஏறத்தாழ 200 வகைகளை அடையாளம் கண்டிருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், இவற்றில் ஒன்றைக்கூடக் குழந்தையால் செரிக்க முடியாது! தன் உடம்பை வருத்தி, குழந்தைக்குச் செரிக்காத பொருளைத் தாய் ஏன் இவ்வளவு உண்டாக்க வேண்டும்?

அது குழந்தைக்குப் போடும் சாப்பாடு அல்ல. குழந்தையின் குடலில் இருக்கும் பிஃபிடோவுக்குப் போடும் சாப்பாடு. அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தினர் இதில் பல ஆண்டுகள் உழைத்தார்கள். பிஃபிடோ இனத்தில் குழந்தைகளுக்கே உரிய ‘இன்ஃபான்டிஸ்’ என்ற வகையின் மரபணுத் தொகுப்பை 2008-ல் வெளியிட்டார்கள். தாய்ப்பாலின் இந்தச் சர்க்கரைகளை உள்ளே இழுத்து உடைப்பதற்கென்றே அதில் ஒரு பெரிய மரபணுக் கூட்டம் இருந்தது. பூட்டும் சாவியும் போன்ற பொருத்தம்!

பிஃபிடோ இந்தச் சர்க்கரையைத் தின்று அசிட்டிக் அமிலமும் லாக்டிக் அமிலமும் வெளியிடுகிறது. குடல் சற்றுப் புளிப்பாகிறது. புளிப்பில் பல நோய்க்கிருமிகளால் பெருக முடியாது. தயிர் கெடாமல் இருப்பதும் ஊறுகாய் கெடாமல் இருப்பதும் எதனால் என்று நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. அதே தத்துவம்தான். அத்துடன் இந்த அமிலங்கள் குடல் சுவருக்கு உரமாகவும் அமைகின்றன. யார் நண்பன், யார் பகைவன் என்று குழந்தையின் எதிர்ப்புச் சக்தி பாடம் படிப்பதும் இந்தக் கூட்டத்தின் நடுவில்தான்.

பசும்பாலில் இந்தச் சர்க்கரைகள் மிகமிகக் குறைவு. இப்போது விலை உயர்ந்த சில டின் மாவுகளில் தொழிற்சாலையில் தயாரித்த ஓரிரு வகைகளைச் சேர்க்கிறார்கள். இருநூறு எங்கே, இரண்டு எங்கே?

1980-களில் கசாரா மலைப்பகுதியில் நான் வேலை பார்த்தபோது, கேங்மேன் ஒருவரின் மனைவிக்குப் பிரசவத்துக்குப் பின் கடும் காய்ச்சல். பால் நின்றுவிட்டது. டின் மாவு வாங்கினார்கள். ஒரு டின் அவர் சம்பளத்தில் எவ்வளவு பங்கு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு கரண்டி போடவேண்டிய இடத்தில் ஒரு கரண்டி போட்டு, ஓடைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார்கள். மாதத்துக்கு இருமுறை வயிற்றுப்போக்கு. பிள்ளை பிழைத்துவிட்டது. ஆனால் நான்கு வயதில் பார்த்தபோது இரண்டு வயதுப் பிள்ளையின் உயரம்தான். அந்தத் தாய் தகப்பன் மேல் குறை சொல்ல முடியுமா? இப்படிப்பட்ட குடும்பங்களை மனத்தில் வைத்துத்தான் நம் நாட்டில் 1992-ல் குழந்தைப் பால் மாவு, பால் புட்டிகளை விளம்பரப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 2003-ல் அதை இன்னும் இறுக்கினார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உணவுக்கு இந்தியாவில் விளம்பரம் செய்யக்கூடாது.

சயானில் ஒரு வங்கி

தாய்க்குப் பால் வராவிட்டால்? குறைமாதக் குழந்தையாக இருந்தால்? இதற்கு வழிகாட்டிய இடம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் அருகில் உள்ள சயான் மருத்துவமனையில்தான், டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் அம்மையாரின் முயற்சியில் 1989-ல் தாய்ப்பால் வங்கி தொடங்கியது. ஆசியாவிலேயே அதுதான் முதலாவது என்பார்கள். பால் மிகுதியாகச் சுரக்கும் தாய்மார்கள் தருகிறார்கள். அதைச் சுத்திகரித்துக் குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள்.

சுத்திகரிப்பு என்பது 62.5 டிகிரி செல்சியஸ் சூட்டில் 30 நிமிடம் வைப்பது. அந்தச் சூட்டில் பாலில் உள்ள கிருமிகள் அழிந்துவிடும். ஆனால் முன்னே சொன்ன சர்க்கரைத் தொடர்கள் அழிவதில்லை. குறைமாதக் குழந்தைகளுக்குக் குடல் அழுகும் கொடிய நோய் ஒன்று வருவதுண்டு. டின் பாலைவிடத் தானமாகக் கிடைத்த தாய்ப்பால் கொடுத்தால் அந்த நோய் குறைகிறது என்பது பல ஆய்வுகளில் உறுதியான விஷயம். நம் சமூகத்து இளம் தாய்மார்கள், மருத்துவர் அனுமதித்தால் இந்தத் தானத்தைச் செய்யலாம். ரத்த தானத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல இது.

சிசேரியன் பிள்ளைகளின் சேதி

இனி, எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் நூற்றுக்கு 21.5 பிரசவங்கள் சிசேரியன். தமிழ்நாட்டில் 44.9! தெலுங்கானாவில் 60.7. ஊருக்குப் போய் முதல் பிரசவம் பார்த்துக்கொள்ளும் வழக்கமுள்ள நம் குடும்பங்களுக்கு இது சாதாரண எண் அல்ல.

இயல்பாகப் பிறக்கும் குழந்தை தாயின் பிறப்புறுப்பிலும் மலத்திலும் உள்ள நுண்ணுயிர்களைத் தன்மேல் பூசிக்கொண்டு வருகிறது. சிசேரியன் குழந்தையிடம் தோலில் வாழும் கிருமிகளே முதலில் சேர்கின்றன என்று வெனிசுவேலாவில் நடந்த ஆய்வு 2010-ல் சொன்னது. 2019-ல் இங்கிலாந்தில் 596 குழந்தைகளின் மலத்தைச் சோதித்தார்கள். தாயின் குடலிலிருந்து வரவேண்டிய பாக்டீராய்ட்ஸ் என்ற கூட்டம் சிசேரியன் குழந்தைகளிடம் மிகக் குறைவு. மருத்துவமனைகளில் உலவும் சில கிருமிகள் அதிகம். ஆனால் அதே ஆய்வில், ஆறிலிருந்து ஒன்பது மாதம் ஆவதற்குள் இந்த வித்தியாசம் பெரும்பாலும் சரியாகிவிட்டதையும் கண்டார்கள். முதல் பாதியை மட்டும் படித்துவிட்டுப் பயப்படுகிறவர்கள் இரண்டாம் பாதியையும் படிக்க வேண்டும்.

2022-ல் என் மகளுக்கும் சிசேரியன்தான். குழந்தையின் இதயத் துடிப்பு குறைகிறது என்று இரவோடு இரவாகச் செய்தார்கள். வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் யாரோ கைப்பேசியில் ஒரு செய்தியை அனுப்பிவிட்டார்கள். சிசேரியன் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா வரும், அலர்ஜி வரும் என்று ஒரு பெரிய பட்டியல். அவள் அதைப் படித்துவிட்டு, “ஏன்ப்பா, நான் ஒழுங்காப் பெத்துக்கலையோ?” என்று அழுதாள். “அம்மா, நேர்ப் பாதை அடைபட்டால் வண்டியை மாற்றுப் பாதையில் விடுவோம். வண்டி கொஞ்சம் தாமதமாகலாம். ஊர் போய்ச் சேர்ந்துவிடும். அடைபட்ட பாதையிலேயே விடுகிறவன்தான் குற்றவாளி” என்றேன். 

நான் சொன்னது வெறும் ஆறுதல் அல்ல. டென்மார்க்கில் 700 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்து 2020-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். சிசேரியனில் பிறந்தும், ஒரு வயதுக்குள் குடல் நுண்ணுயிர்க் கூட்டம் வயதுக்கேற்றபடி முதிர்ந்துவிட்ட குழந்தைகளுக்கு ஆஸ்துமா அபாயம் கூடுதலாக இல்லை. ஒரு வயதிலும் முதிராமல் இருந்தவர்களுக்குத்தான் கூடுதலாக இருந்தது. ஆகவே, எப்படிப் பிறந்தது என்பதோடு கதை முடிவதில்லை. அடுத்த ஓராண்டில் நாம் செய்வதற்கு நிறைய இருக்கிறது. அவசியமில்லாத சிசேரியனைத் தவிர்க்க வேண்டும். நல்ல நாள், நட்சத்திரம் பார்த்துக் கத்தி வைக்கச் சொல்வது கூடாது. அவசியமான சிசேரியனுக்கோ தலை வணங்க வேண்டும். அது இரண்டு உயிரைக் காக்கிறது.

தாயின் திரவத்தைத் துணியில் ஒற்றிச் சிசேரியன் குழந்தை மேல் தடவும் முறை ஒன்றைச் சிலர் சோதித்துப் பார்த்தார்கள். ஆராய்ச்சிக்கு வெளியே அதைச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கழகம் 2017-ல் சொல்லிவிட்டது. நாமாக எதையும் முயலக்கூடாது.

சளிக்கு ஒரு சிரப், ஜுரத்துக்கு ஒரு சிரப்

ஆன்ட்டிபயாடிக் மருந்து உயிர் காக்கும் மருந்து. நிமோனியாவுக்கும், ரத்தத்தில் கிருமி கலந்த குழந்தைக்கும் அதைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அது யார் பகைவன், யார் குடித்தனக்காரன் என்று பார்த்துச் சுடுவதில்லை. வாய்வழி உள்ளே போகும்போது குடலில் இருக்கும் நல்லவர்களும் மடிகிறார்கள்.

கனடாவில் 319 குழந்தைகளை ஆராய்ந்து 2015-ல் சொன்னார்கள்: மூன்றாம் மாதத்தில் குறிப்பிட்ட நான்கு வகை பாக்டீரியாக்கள் குறைவாக இருந்த குழந்தைகளுக்கே பின்னால் ஆஸ்துமா வரும் அபாயம் அதிகம். ஒரு வயதில் பார்த்தால் அந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியவில்லை. முதல் நூறு நாள் எவ்வளவு முக்கியம் பாருங்கள்! அதே நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில், டாக்டர்கள் கைக்குழந்தைகளுக்கு ஆன்ட்டிபயாடிக் எழுதுவதை வெகுவாகக் குறைத்துக்கொண்டார்கள். 2000-க்கும் 2014-க்கும் இடையில் அது பாதிக்கும் கீழே இறங்கியது. அதே காலத்தில், ஒன்றிலிருந்து நான்கு வயதுப் பிள்ளைகளில் புதிதாக ஆஸ்துமா கண்டவர்கள் 26 சதவீதம் குறைந்தார்கள். இரண்டும் சேர்ந்து இறங்கியதாலேயே ஒன்றால் மற்றொன்று என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் யோசிக்க வைக்கிறது அல்லவா?

நம் பக்கம் நடப்பது என்ன? எங்கள் கட்டடத்திலேயே ஒரு வீட்டில், பிள்ளை இரண்டு தும்மல் தும்மினால் போதும். “போன தடவை கொடுத்த அதே சிரப்” என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கி வருவார்கள். மூன்று நாளில் சளி போய்விடும். மருந்து கொடுக்காவிட்டாலும் அது போயிருக்கும். சாதாரணச் சளி வைரஸால் வருவது. அதற்கு ஆன்ட்டிபயாடிக் பயன்படாது. சாதாரண வயிற்றுப்போக்குக்கும் அப்படியே. உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலமும், டாக்டர் சொல்லும் துத்தநாக மருந்தும், தாய்ப்பாலும்தான் மருந்து. மலத்தில் ரத்தம் கண்டாலோ, குழந்தை துவண்டாலோ உடனே மருத்துவமனைக்கு ஓடவேண்டும்.

அழுக்கு நல்லதா?

அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு சமூகங்கள். இருவரும் ஐரோப்பாவின் ஒரே பகுதியிலிருந்து போனவர்கள், இருவரும் விவசாயிகள். ஆமிஷ் மக்கள் மாடு, குதிரையோடு வீட்டை ஒட்டிய பழைய முறை விவசாயம் செய்கிறார்கள். மற்றவர்கள் பெரிய இயந்திரப் பண்ணை வைத்திருக்கிறார்கள். ஆமிஷ் பிள்ளைகளில் ஆஸ்துமா நூற்றுக்கு 5.2, ஹட்டரைட் பிள்ளைகளில் 21.3 என்று 2016-ல் வெளியான ஆய்வு குறிப்பிடுகிறது. தொழுவத்துத் தூசியில் உள்ள நுண்ணுயிர்ப் பொருட்கள் பிள்ளைகளின் எதிர்ப்புச் சக்தியைப் பழக்குகின்றன என்பது அவர்கள் முடிவு.

இதைக் கேட்டுவிட்டு “அழுக்கில் விளையாடட்டும், ஒன்றும் ஆகாது” என்று சொல்லிவிடக் கூடாது. தொழுவத்து மண் வேறு, சாக்கடைத் தண்ணீர் வேறு. டாக்கா, வேலூர் போன்ற இடங்களில் குடிசைப் பகுதிக் குழந்தைகளைப் பல ஆண்டுகள் கவனித்தவர்கள், மலக் கிருமி ஓயாமல் உள்ளே போவதால் அந்தப் பிஞ்சுக் குடல்கள் அழற்சியோடே இருப்பதைக் கண்டார்கள். உண்ட உணவு உடம்பில் ஒட்டுவதில்லை. வாய்வழித் தடுப்பு மருந்துகளும் பணக்கார நாடுகளில் வேலை செய்வது போல் அங்கே செய்வதில்லை. “அந்தக் கெட்ட கிருமிகளை முதலில் மருந்தால் அழித்துவிட்டுச் சொட்டு மருந்து கொடுத்தால் என்ன?” என்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் 750-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்தார்கள். 2016-ல் முடிவு வந்தது. ஆன்ட்டிபயாடிக் கெட்ட கிருமிகளைக் குறைத்தது. ஆனால் போலியோ மருந்தின் பலன் கூடவில்லை. ஆளைத் துரத்தினால் மட்டும் போதாது, அந்த இடத்தில் நல்ல ஆளைக் குடிவைக்கவும் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒடிசாவில் ஏழு நாள், டாக்காவில் வாழைக்காய்

நல்ல ஆளைக் குடிவைக்கும் முயற்சிகளில் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று நம் நாட்டில் நடந்தது. ஒடிசாவின் 149 கிராமங்களில் 4,556 குழந்தைகள். எல்லோரும் 2 கிலோவுக்குக் குறையாத எடை, தாய்ப்பால் குடிக்கத் தொடங்கியவர்கள். பாதிப் பேருக்கு லாக்டோபேசில்லஸ் இனத்தில் ஒரு வகையையும் அதற்கு உணவான ஒரு சர்க்கரையையும் சேர்த்து ஏழே நாள் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வெற்றுத் தூள். இரண்டு மாதத்தில் ரத்தத்தில் கிருமி கலப்பதும் மரணமும் நூற்றுக்கு 9 என்பதிலிருந்து 5.4 ஆகக் குறைந்தது. டாக்டர் பினாகி பாணிக்கிரஹி குழுவினர் 2017-ல் இதை வெளியிட்டார்கள். பலன் வெளிப்படையாகத் தெரிந்ததால், திட்டமிட்ட எண்ணிக்கை முடியும் முன்பே சோதனையை நிறுத்திவிட்டார்கள்.

உடனே கடையில் போய் ஏதாவது ஒரு ‘நல்ல பாக்டீரியா’ சொட்டு மருந்தை வாங்கிவிடாதீர்கள். ஒரே இனத்தில் ஒரு வகை நன்மை செய்யும், இன்னொரு வகை ஒன்றும் செய்யாது. பிராட்கேஜ் எஞ்சின் மீட்டர்கேஜில் ஓடாது. குறைமாதக் குழந்தைகளுக்கு இப்படிக் கொடுப்பதில் உயிர் அபாயம் உண்டு என்று அமெரிக்க அரசின் மருந்துத் துறை 2023-ல் எச்சரித்தது. இது டாக்டர் முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

இரண்டாவது, வங்கதேசத்தில் நடந்தது. டாக்காவின் மீர்ப்பூர் குடிசைப் பகுதியில், 12 முதல் 18 மாத வயதுள்ள, எடை குறைந்த 123 குழந்தைகள். பாதிப் பேருக்கு வழக்கமான சத்துணவு. பாதிப் பேருக்குக் கொண்டைக்கடலை, நிலக்கடலை, சோயா, பச்சை வாழைக்காய் கலந்த ஒரு கூழ். குடலில் வயதுக்கேற்ற நுண்ணுயிர்களை வளர்ப்பதற்கென்றே அமெரிக்காவின் ஜெஃப்ரி கார்டனும் டாக்காவின் தஹ்மீத் அகமதும் சேர்ந்து வகுத்த உணவு அது. கலோரிக் கணக்கில் வழக்கமான உணவைவிடக் குறைவுதான். ஆனாலும் மூன்று மாதத்தில் எடை ஏறும் வேகம் அதில்தான் அதிகம். 2021-ல் இந்த முடிவு வெளிவந்தது. நாஞ்சில் நாட்டு வீடுகளில் ஏத்தங்காயைக் காயவைத்து இடித்து மாவாக்கிக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுவார்கள். அந்தக் கூழும் இதுவும் ஒன்றல்ல. என்றாலும் அந்தச் செய்தியைப் படித்தபோது என் அம்மாவின் அடுக்களை நினைவுக்கு வந்தது.

நம் வீடுகளில் என்ன செய்யலாம்?

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால். சிசேரியனாக இருந்தால் தாய் கண் விழித்தவுடன். மஞ்சளாகக் கொஞ்சமாக வரும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டக்கூடாது.

சேனை வைப்பது என்று தேனும் சர்க்கரைத் தண்ணீரும் நாக்கில் தடவும் வழக்கம் நம்மிடம் உண்டு. தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது. அதிலுள்ள ஒருவகைக் கிருமி கைக்குழந்தைக்கு வாதம் போன்ற நோயைத் தரும். ஆசைக்குச் சேனை வைக்க வேண்டுமென்றால் பெரியவர்கள் கையால் குழந்தையின் தலையைத் தொட்டு ஆசீர்வதித்தால் போதும். நம் உரைமருந்தும், இந்தப் பக்கத்துக்காரர்களின் பாளகடூவும், கிரைப் வாட்டரும் முதல் ஆறு மாதத்துக்கு வேண்டாம் என்றே குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். தாய்ப்பால் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம். வேலைக்குப் போகும் பெண்களுக்கு 2017 முதல் 26 வாரப் பேறுகால விடுப்பு சட்டப்படி உண்டு. அந்த 26 வாரமும் குழந்தையின் ஆறு மாதமும் ஒன்றே.

ஆறு மாதம் முடிந்ததும் கேழ்வரகு, பருப்பு, வாழைப்பழம், காய், கீரை என்று பலவும் பழக்க வேண்டும். உணவு பலவகையானால் குடலில் குடித்தனமும் பலவகையாகும். பிஸ்கட்டை வைத்தே பிள்ளையை வளர்க்கக் கூடாது. தடுப்பூசி ஒன்றையும் விடக்கூடாது. தண்ணீரைக் காய்ச்ச வேண்டும். ஆன்ட்டிபயாடிக்கை டாக்டர் எழுதினால் சொன்ன நாள்வரை கொடுக்க வேண்டும். எழுதாவிட்டால் வற்புறுத்திக் கேட்கக் கூடாது.

என் பேரன் நன்றாக இருக்கிறான். அவன் ஒருவனை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது என்பது எனக்குத் தெரியும். டின் பால் குடித்தும் திடமாக வளர்ந்த பிள்ளைகள் உண்டு. எல்லாம் சரியாகச் செய்தும் மூச்சிரைக்கும் பிள்ளைகளும் உண்டு. ஆகவே எந்தத் தாயையும் பார்த்து “நீ இப்படிச் செய்ததால்தான்” என்று விரல் நீட்டக் கூடாது.

அதற்குப் பதில் ஒன்று செய்யலாம். பிரசவித்த முதல் வாரத்தில் தாய்க்குப் பால் சரியாக வராததற்கும், பாலை நிறுத்திவிட்டுப் புட்டிக்குத் தாவுவதற்கும் பெரும்பாலும் காரணம் களைப்பும் பயமும் தனிமையும்தான். ஊரில் அம்மா இருப்பார், ஆச்சி இருப்பார். இங்கே டோம்பிவிலியிலும் முலுண்டிலும் நாலாவது மாடியில் கணவன் வேலைக்குப் போனபின் அந்தப் பெண்ணும் பிள்ளையும் மட்டும்தான். நம் சங்கத்து மகளிரில் நாலு பிள்ளை பெற்று வளர்த்தவர்கள் எத்தனையோ பேர். ஒரு தூக்கில் பூண்டுக் குழம்பும் பத்தியச் சாப்பாடும் எடுத்துக்கொண்டு போய், ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளையை எப்படி அணைத்துப் பிடிப்பது என்று காட்டிவிட்டு வந்தால், எந்த டின்னாலும் தரமுடியாத உதவி அது. உங்கள் கட்டடத்தில் அடுத்த தொட்டில் கட்டும்போது, தயவு செய்து அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.